சிகாமட்டும் ஒரு வாய்த் தண்ணீரும்

லாபிஸிலிருந்து செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி வடக்கே போனால் சிகாமட். அவ்வூருக்குப் பெயர் வந்த கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 1511-இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தபோது, தப்பி வந்த பெண்டஹாரா, அதாவது முதலமைச்சர், இங்குள்ள நீரைப் பருகி "செகார் அமாட்" என்றாராம். 'மிகவும் புத்துணர்ச்சி' என்று பொருள்.

இதில் உண்மை எவ்வளவு? மலாக்கா வீழ்ந்தது உண்மை. சுல்தான் மாமுட் ஷா பரிவாரத்தோடு மூவார் ஆற்றுப் பக்கம் பின்வாங்கியதும் உண்மை. சிகாமட் ஆறு அந்த மூவாரில்தான் கலக்கிறது. ஆகவே வழி சரி. களைத்து வந்தவர் தண்ணீர் குடிக்காமல் இருப்பாரா? ஆனால் அவர் வாயிலிருந்து வந்த அந்த இரண்டே சொற்களைக் காதால் கேட்டவர் யார்? பெயர் முன்பே இருந்திருக்கும். பொருள் தேடியவர்கள் பின்னால் கதையைப் பொருத்தியிருப்பார்கள் என்பதே என் எண்ணம்.

நம் மதுரையும் அப்படித்தான். சிவபெருமானின் சடையிலிருந்து மதுரம் சிந்தியதால் மதுரை என்கிறது தலபுராணம். பழைய பிராமிக் கல்வெட்டிலோ 'மதிரை' என்றிருக்கிறது!

என்றாலும் சிகாமட் கதையைத் தள்ளிவிட மனம் வரவில்லை. நாடிழந்து ஓடிய கூட்டத்தின் தாகமாவது அதில் மிஞ்சியிருக்கிறது. துண்டாடப்பட்டு விற்கப்பட்ட நம் தோட்டங்களுக்கும் நாமே வைத்த தமிழ்ப் பெயர்கள் உண்டு. அவற்றின் கதையைச் சொல்ல உங்கள் வீட்டுப் பாட்டி இருக்கிறாரா?