எத்தனை மில்லிமீட்டர்?

கெங்கவல்லியில் ஒரு கல்யாண வீடு. குரூப் போட்டோவில் ஒரு கல்லூரிப் பெண் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிரித்தால் ஈறு தெரியும். பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயர் இன்னும் மறக்கவில்லை.

கம்பி போட்டால் சரியாகாதா? பல் மட்டும் முன்னால் தள்ளியிருந்தால் ஆகலாம். மேல்தாடை எலும்பே கீழ்நோக்கி அதிகமாக வளர்ந்திருந்தால், கம்பியோடு ஆபரேஷனும் தேவைப்படும். சேலத்துக்கோ சென்னைக்கோ போக வேண்டியதுதான்.

அந்த ஆபரேஷனுக்கு 'லெ ஃபோர்ட் 1' என்று பெயர். அடிபட்டால் முக எலும்பு எந்தெந்தக் கோட்டில் உடைகிறது என்று 1901-இல் எழுதிய பிரெஞ்சு மருத்துவர் ரெனே லெ ஃபோர்ட்டின் பெயர் அது. பல்வேர்களுக்கு மேலே தாடையை அறுத்து, ஒரு பட்டை எலும்பை எடுத்துவிட்டு, மேலே ஏற்றி, டைட்டானியம் தகடு வைத்துத் திருகிவிடுவார்கள். வாய்க்குள்ளேயே செய்வதால் முகத்தில் தழும்பு இருக்காது.

சரி, எவ்வளவு ஏற்றுவது? இங்கேதான் சிக்கல்.

"சிரிச்சா ஈறே தெரியக் கூடாது டாக்டர்" என்பாள் அவள். டாக்டரோ சிரிக்க வேண்டாம் என்பார். உதட்டைத் தளர்த்தி, வாயைச் சும்மா வைத்திருக்கும்போது மேல்பல் எவ்வளவு தெரிகிறது என்றுதான் ஸ்கேல் வைத்து அளப்பார். காரணம் இருக்கிறது. சிரிப்பு ஒவ்வொரு முறையும் மாறும். சும்மா இருக்கும் உதடு அவ்வளவாக மாறாது.

ஒரு கணக்கு. சும்மா இருக்கையில் 7 மி.மீ. பல் தெரிகிறது, சிரித்தால் 6 மி.மீ. ஈறு தெரிகிறது. ஈறு முழுக்க மறையட்டும் என்று 6 மி.மீ. ஏற்றினால், சும்மா இருக்கும்போது சுமார் 1 மி.மீ. பல்தான் மிஞ்சும். விக், புருண்டோ என்ற இருவர் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், 30 வயதுக்குள் இருப்பவர்களுக்குச் சராசரியாக 3.4 மி.மீ. பல் தெரிந்தது. நாற்பதுகளில் 1 மி.மீ.-க்கும் குறைவு. அறுபதுக்கு மேல் ஏறக்குறைய பூஜ்யம். வயதாக ஆக உதடு தொங்குகிறது, அவ்வளவுதான். அதாவது இருபது வயதுப் பெண்ணுக்கு நாற்பது வயது வாயைக் கொடுத்தாயிற்று!

அதனால் 3, 4 மி.மீ. ஏற்றி, சிரிக்கும்போது கொஞ்சம் ஈறு தெரிந்தாலும் பரவாயில்லை என்று விடுவதே நல்லது. உதடும் கூடவே சற்று ஏறும், மூக்கு அகலும், கீழ்த்தாடை சுழன்று மோவாய் முன்னால் வரும். இதெல்லாம் கணக்கில் சேர வேண்டும்.

ஏற்றிய எலும்பு நன்றாக நிற்கும். அதிகமாகப் போய்விட்டது என்று மறுபடி கீழே இறக்கினால் அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை. குறைத்து ஏற்றினால் கொஞ்சம் ஈறு தெரியும். அதற்கு மேல் நஷ்டமில்லை. அந்த ஈறும் உதடு தொங்கத் தொங்க வருடா வருடம் தானாகவே குறையும்.

ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும் முன் அவள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "நாற்பது வயசுல நான் எப்படி இருப்பேன் டாக்டர்?"