கப்பலில் வந்தவள்

எம்.ஏ. ஆங்கிலம் படித்தபோது எங்களுக்கு ரொமாண்டிக் கவிதை நடத்திய ஆசிரியர் நல்ல ரசிகர். சுவிட்சர்லாந்து பிரான்சிடம் அடிமைப்பட்டதைப் பற்றி வேர்ட்ஸ்வொர்த் எழுதிய சானட்டை நடத்தும்போது கண்ணை மூடிக்கொள்வார். கடலுக்கு ஒரு குரல், மலைக்கு ஒரு குரல். இரண்டுமே சுதந்திரம் என்கிற கன்னிக்குப் பிடித்த சங்கீதம். நெப்போலியன் அவளை மலையிலிருந்து விரட்டிவிட்டான், கடலையாவது கைவிட்டுவிடாதே என்று கவிஞர் அவளிடம் கெஞ்சுகிறார்.

‘சுதந்திரம் ஏன் சார் பொம்பளையா இருக்கு?’ என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. ‘அழகும் தூய்மையும் பெண் வடிவம்தானே. பாரதியே சுதந்திர தேவியத் துதிச்சுப் பாடலையா?’ என்றார்.

தூய்மை என்ற சொல் எனக்கு உறுத்தியது. அந்தச் சொல்லை வைத்துத்தானே எங்களை ஊருக்கு வெளியே குடிவைத்தார்கள்.

அந்த சானட் 1807இல் வந்த தொகுப்பில், சுதந்திரத்துக்குச் சமர்ப்பணம் என்று தலைப்பிட்ட வரிசையில் இருக்கிறது. அதே வரிசையில் இன்னொரு பெண்ணும் இருக்கிறாள். எங்கள் பாடத்தில் அவள் இல்லை. நூலகத்தில்தான் பார்த்தேன். கவிதையின் தலைப்பே ஒரு தேதி: 1802 செப்டம்பர் 1. கலே துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பும் கப்பலில் கவிஞரோடு வந்த கறுப்பினப் பெண் அவள். பிரான்சிலிருந்து விரட்டப்பட்டவள். முதலில் எழுதியபோது பகட்டான உடையில் இருந்தவளுக்குப் பின்னாளில் திருத்தியபோது வெள்ளை உடுத்திவிட்டார். தேவிகளுக்கு உடுத்துகிற அதே வெள்ளை.

அவளை விரட்டிய நாடு எது? 1792இல் குடியரசு ஆனதும் தன் முத்திரையில் சுதந்திரத்தைப் பெண்ணாக நிறுத்திய நாடு. அவள் கையில் ஈட்டி, ஈட்டி முனையில் தொப்பி. பழைய ரோமில் விடுதலையான அடிமை போட்டுக்கொண்ட தொப்பியின் அடையாளம் அது. மறுவருஷமே, 1793 அக்டோபரில், நிஜப் பெண்களின் சங்கங்களுக்குத் தடை போட்டார்கள். 1794இல் ஒழித்த அடிமை முறைக்கு 1802 மே மாதம் நெப்போலியன் மறுபடியும் சட்டம் போட்டான். ஜூலையில் கறுப்பர் பிரான்சுக்குள் நுழையக்கூடாது என்று ஆணை வந்தது. அடிமையின் தொப்பி மட்டும் வேண்டும். அடிமை வேண்டாம்.

வேர்ட்ஸ்வொர்த்தின் இரக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. இந்தச் சனத்துக்கு இரங்குங்கள் என்று வானத்தையும் பூமியையும் வேண்டித்தான் கவிதையை முடிக்கிறார். ஆனால் இல்லாத கன்னியை ‘நீ’ என்று கூப்பிட்டுப் பேசியவர், எதிரே உட்கார்ந்திருந்தவளை ‘அவள்’ என்றே எழுதினார். கன்னிக்குக் கடலும் மலையும் பாடின. கப்பலில் இருந்தவளோ கவிதையில் தலைகுனிந்து, ஒரு முறையீடும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

ஷெல்லி கொஞ்சம் வேறு ஆள். 1819 ஆகஸ்ட் 16இல் மான்செஸ்டர் நகரத்து புனித பீட்டர் திடலில் ஓட்டுரிமை கேட்டுக் கூடிய சுமார் 60,000 பேர் மேல் குதிரைப் படை வாளோடு பாய்ந்தது. இறந்தவர்கள் 18 பேர் என்கிறார்கள். தாயின் கையிலிருந்து விழுந்து செத்த இரண்டு வயதுக் குழந்தையும் அதில் உண்டு. இத்தாலியிலிருந்த ஷெல்லி சேதி கேட்டு எழுதிய நெடுங்கவிதையில், நம்பிக்கை என்ற பெயருடைய பெண் குதிரைக் கால்களுக்கு முன்னால் படுத்துக்கொள்கிறாள். சுதந்திரம் என்றால் என்ன என்ற கேள்வியும் வருகிறது. உழைப்பவனுக்கு ரொட்டி, உடுத்தத் துணி, குளிருக்கு நெருப்பு என்று பதிலும் வருகிறது. அச்சுப்போடப் பயந்தார்கள். ஷெல்லி செத்துப் பத்து வருஷம் கழித்து, 1832இல்தான் வெளிவந்தது. அந்தத் திடலில் மேரி ஃபில்டஸ் என்கிற பெண்கள் சங்கத் தலைவியே மேடையில் இருந்து அடிவாங்கினாள். அவள் பெயர் அந்தக் கவிதையில் இல்லை.

லீவுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் கப்பல் கதையைச் சொன்னேன். நடவுக்குப் போய்வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

‘அவ பேரு என்னடா?’

‘எழுதலம்மா.’

‘கப்பல விட்டு எறங்கி எங்க போனா?’

‘அதுவும் எழுதல.’

‘அப்பறம் என்னத்தத்தான் எழுதுனான்?’

நான் ஒன்றும் பேசவில்லை. சுதந்திரம் ஏன் பெண் என்று வகுப்பில் கேட்டேனே, அதைவிட அம்மா கேட்டதுதான் கேள்வி. தேவிக்குப் பெயரும் உண்டு, துதியும் உண்டு. விரட்டப்பட்டவளின் பெயரைக் கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. மாணவத் தோழர்கள் அந்த இரண்டு சானட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். படித்துவிட்டு எங்க அம்மா கேட்டதை வகுப்பில் எழுந்து நின்று கேளுங்கள்.