இயக்கி இல்லாத இணைப்பு

கோலாலம்பூர் – ஜொகூர் பாரு பழைய நெடுஞ்சாலையும் பத்து பகாட் – குளுவாங் சாலையும் சந்திக்கும் ஊர் ஆயர் ஈத்தாம். சாலைகளால் வளர்ந்த இவ்வூரிலும் இன்று மாணவரின் இடுபணியும் வணிகரின் கணக்கும் இணையத்தின்வழி செல்கின்றன. அந்த வழி அடைபட்டால் வேலை நின்றுவிடும்.

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. அதனால் பலர் விண்டோஸ் 11க்கு மாறினர். அவ்வாறு மாறியபின் சில கணினிகளில் இணையம் கிடைக்காமல் போவதுண்டு. வலையமைப்பு அட்டை கெட்டுவிட்டது என எண்ணிச் சிலர் புதியது வாங்கப் புறப்படுவர். ஆனால், பல வேளைகளில் அட்டையில் குறை இராது. அட்டைக்கும் இயங்குதளத்திற்கும் இடையே மொழிபெயர்ப்பாளரைப்போல் நிற்கும் ‘இயக்கி’ என்னும் சிறு மென்பொருளே புதிய தளத்தோடு ஒத்துப்போகாமல் இருக்கும்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. சரியான இயக்கி இணையத்தில் உள்ளது. இணையத்தை அடையவோ இயக்கி வேண்டும்! இந்நிலையில் பதற்றம் உதவாது. முதலில் சாதன மேலாளரைத் திறந்து, அட்டையின் பெயரருகே மஞ்சள் எச்சரிக்கைக் குறி உள்ளதா எனக் காண வேண்டும். பின்னர், கணினியின் மாதிரிப் பெயரைக் குறித்துக்கொண்டு, வேறொரு கணினியில் தயாரிப்பாளரின் அகப்பக்கத்திலிருந்து உரிய இயக்கியைப் பதிவிறக்கலாம். அதைப் பென்டிரைவில் கொண்டுவந்து நிறுவினால் பெரும்பாலும் இணைப்பு மீளும். கைப்பேசியைக் கம்பிவழி இணைத்து, அதன் இணையத்தைத் தற்காலிகமாகப் பெறுவதும் ஒரு வழி.

காரணத்தை ஆராயாமல் பொருளை மாற்றுவோருக்குப் பணம் வீண், கோளாறும் தீராது. மேம்படுத்தும் முன்பே இயக்கியைச் சேமித்து வைத்தவருக்கோ இந்த அலைச்சலே இல்லை. வருமுன் காப்பது கணினிக்கும் பொருந்தும்.