அரசன் காத்திருந்த துறை

நீராடுதல் தமிழருக்கு அன்றாட வழக்கம். ஆயினும் நம்மவர் அதனை உடலழுக்கைப் போக்கும் செயலாக மட்டும் கொள்ளவில்லை. யார் எத்துறையில் இறங்கலாம், யார் தொட்ட நீர் தீட்டாகும் என்னும் கட்டுப்பாடுகளையும் அதனோடு பிணைத்துவிட்டனர். இக்கட்டுப்பாடுகளுக்கு நேர்மாறான ஒரு முறையை, புத்தர் நடந்த மண்ணில், ஜப்பானிய யாத்திரிகர் தங்கும் ஒரு விடுதியில் நான் காண நேர்ந்தது. அதனை நம் தோட்டத்து அன்பர்களுக்கும் நகரத்து அன்பர்களுக்கும் எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

பீகார் மாநிலத்தில் இன்று ராஜ்கீர் என வழங்கும் ஊரே மகத நாட்டின் பழைய தலைநகராகிய இராஜகிருகம். புத்தகயையையும் நாளந்தாவையும் தரிசிக்க வரும் பௌத்தர்கள், ஐந்து குன்றுகள் சூழ்ந்த இவ்வூரிலும் தங்கிச் செல்கின்றனர். மலாக்காவில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருக்கும் நான், ஓய்வுபெற்ற என் தந்தையாரை அங்கு அழைத்துச் சென்றேன். நெடுங்காலம் பால்மரம் சீவித் தேய்ந்த அவருடைய முழங்கால்களுக்கு வெந்நீர் ஊற்று இதமளிக்கும் என்பதும் அப்பயணத்துக்கு ஒரு காரணம்.

வைபார மலையடிவாரத்தில் பிரம்ம குண்டம் இருக்கின்றது. அதன் நீர் சுமார் 45 பாகை வெப்பமுடையது. இந்துக்கள் அங்குத் திரள்கின்றனர். சற்றுத் தொலைவில், 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மக்தூம் ஷர்புத்தீன் என்னும் சூஃபிப் பெரியாரின் பெயரால் மக்தூம் குண்டம் விளங்குகின்றது. அங்கே முஸ்லிம்கள் நீராடுகின்றனர். மண்ணின் வெப்பம் இரண்டுக்கும் பொது. துறைகள் மட்டும் வேறு.

இவ்வூற்றுகளைப் பாலி நூல்கள் தபோதம் என்று குறிக்கின்றன. வினய பிடகத்தில் இத்துறையைப் பற்றி ஒரு வரலாறு உண்டு. பிம்பிசார மன்னன் தலை முழுக வந்தபோது பிக்குகள் நீராடிக்கொண்டிருந்தனர். அவர்கள் முடிக்கட்டும் என்று மன்னன் ஒருபுறம் காத்திருந்தான். அவர்களோ இருட்டும்வரை நீரைவிட்டு எழவில்லை. அவன் குளித்துத் திரும்புவதற்குள் நகரவாயில் அடைபட்டது. அரசன் அன்றிரவை வெளியே கழித்தான். இதனை அறிந்த புத்தர், பிக்குகள் அரைத் திங்களுக்கு ஒருமுறையே நீராடுக என விதித்தார். பின்னர் கோடைக்கும், நோய்க்கும், வேலைக்கும், வழிநடைக்கும் விலக்களித்தார்.

இவ்விதியில் உழைப்பு உண்டு, நோய் உண்டு, பருவம் உண்டு. பிறப்பு என்னும் சொல் மட்டும் இல்லை. இந்நகரில் குப்பை வாரிப் பிழைத்த சுனீதரும் அச்சங்கத்தில் ஒருவர் அன்றோ? நாவிதராயிருந்த உபாலியே, இத்துறைக்கு மேலே வைபார மலையில் கூடிய முதற் சங்கத்தில் வினய விதிகளை ஓதினார் என்பது பௌத்தர் மரபு. அத்தகையோர் கரையேறும்வரை ஒரு முடிமன்னன் காத்து நின்றான்!

நிற்க. இராஜகிருகத்து இரத்தினகிரியில் நிச்சிதாத்சு பூஜி என்னும் ஜப்பானியத் துறவியின் முயற்சியால் எழுந்த வெண்ணிறச் சாந்தி ஸ்தூபம் 1969-இல் திறக்கப்பெற்றது. ஜப்பானியர் பலர் இங்கு வருகின்றனர். யாத்திரையும் வெந்நீரும் அவர்கள் நாட்டில் இணைந்தே செல்பவை. சிகோகுத் தீவில் 88 கோயில்களைச் சுற்றிவரும் அடியார்கள், 51-ஆம் கோயிலுக்கு அருகிலுள்ள தோகோ ஊற்றில் களைப்பாறுவர். அங்கே 1894-இல் எழுந்த நீராட்டு மாளிகை இன்றும் நிற்கின்றது.

நாங்கள் தங்கிய விடுதியிலும் அம்முறையில் ஒரு பொது வெந்நீர்த் தொட்டி இருந்தது. வெளியே சிறு முக்காலியில் அமர்ந்து, சோப்புத் தேய்த்து, நுரை போகக் கழுவிய பின்னரே அதில் இறங்க வேண்டும். முதியவர் இருவர் கழுத்தளவு நீரில் அமர்ந்திருந்தனர். உடலைக் கழுவி முடித்த தந்தையார் தொட்டியின் விளிம்பில் தயங்கி நின்றார்.

“நாம இறங்கினா அவங்க எழுந்து போயிட மாட்டாங்களா, தம்பி?” என்றார்.

1960-களில், அவர் சிறுவராயிருந்த தோட்டத்தில், சில வீட்டார் அவருக்குத் தனிக் குவளையில்தான் தண்ணீர் கொடுப்பார்களாம். குவளை போயிற்று, அச்சம் போகவில்லை. நான் மறுமொழி கூறுமுன், முதியவருள் ஒருவர் நகர்ந்து இடம்விட்டு, அமருமாறு கையைக் காட்டினார். தந்தையார் இறங்கினார். எவரும் எழவில்லை.

ஜப்பானியர் குற்றமற்றோர் என்பது என் கருத்தன்று. அங்கும் தாழ்த்தப்பட்ட வகுப்பார் இருந்தனர். அவ்விழிநிலை சட்டப்படி ஒழிந்தது 1871-இல்தான். அயல்நாட்டாரை விலக்கிய ஒரு குளிப்பிடத்தின் செயல் இனவேற்றுமையே என்று சப்போரோ நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளிக்க வேண்டியும் வந்தது. ஆயினும் அன்று அத்தொட்டியருகே கேட்கப்பட்டது ஒன்றே: உடலைக் கழுவினாயா? அக்கேள்விக்கு எவரும் தம் கையாலேயே விடை தேடிக்கொள்ளலாம். எக்குலத்தில் பிறந்தாய் என்னும் கேள்விக்கோ, ஆயிரம் முறை முழுகினாலும் விடை மாறாது.

நம் மலாக்காவிலும் அலோர் காஜாவை அடுத்த காடெக்கில் வெந்நீர் ஊற்று உண்டு. அங்கே மலாய்க்காரர், சீனர், தமிழர் யாவரும் கால் நனைக்கின்றனர்; குலம் கேட்பார் எவருமில்லை. அவ்வாறு நனைத்துவிட்டு வீடு திரும்பும் நம்மவருள் சிலர், பெண் பார்க்கப் புறப்படும்போது மட்டும் அக்கேள்வியை மெல்லிய குரலில் கேட்கின்றனர். அதனையும் கேளாதொழிவோமாயின், தயங்கி நிற்போர் நம்மிடையே இரார்.