பக்கத்து வீட்டு வைஃபை தெரிகிறது, நம்முடையது மட்டும் தெரியவில்லையா?



லேப்டாப்பில் வைஃபை வரவில்லை என்றதும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதுதான் நம்மில் பலருக்கு வழக்கம். போவதற்கு முன் வீட்டிலேயே இரண்டு மூன்று கேள்விகள் கேட்டுப் பார்த்தால் பல நேரம் செலவில்லாமல் முடிந்துவிடும். பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெண், பிளஸ் டூ முடித்துவிட்டுப் பொறியியல் கலந்தாய்வில் இருந்தாள். அப்பாவுக்குத் தையல் வேலை. வீட்டில் இருப்பது அவள் அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த அரசின் விலையில்லா லேப்டாப். இணையம் வேண்டுமென்றால் எங்கள் வீட்டு ஹாலில் வந்து உட்காருவாள். கல்லூரியையும் பாடப்பிரிவையும் விருப்ப வரிசைப்படி பதிவு செய்ய மறுநாள்தான் கடைசி. அந்த வரிசையைப் பொறுத்துத்தான் இடம் கிடைக்கும். அன்றைக்குப் பார்த்து லேப்டாப்பில் எங்கள் வைஃபை பெயரே வரவில்லை.

அவள் அப்பா கடைக்கு எடுத்துப் போனார். "வைஃபை கார்டு போயிடுச்சு, பழைய மாடல், இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட், புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவர், "தவணையில ஒண்ணு எடுத்துடட்டுமா டீச்சர்?" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி, முதல்ல பார்ப்போம்" என்று திறந்து பார்த்தேன். பட்டியலில் எதிர்வீடு, மாடி வீடு என்று நாலு பெயர் இருந்தது. எங்கள் பெயர் மட்டும் இல்லை. கார்டு செத்துப்போயிருந்தால் அடுத்த வீட்டுப் பெயரை எப்படிப் படிக்கும்? என் போனிலோ எங்கள் வைஃபை நன்றாக ஓடுகிறது. ஆக, ரவுட்டரும் வேலை செய்கிறது, லேப்டாப்பும் வேலை செய்கிறது. சமீபத்தில் மாறியது என்ன என்று யோசித்தால், முந்தைய வாரம் இணைப்புக்காரர்கள் வந்து ரவுட்டரை மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள்.

வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். முதலாவதன் அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், இரண்டாவது சுமார் 6. 2.4 சுவரைத் தாண்டித் தூரம் போகும், வேகம் குறைவு. 5 வேகமானது, சுவர் குறுக்கே வந்தால் சீக்கிரம் தளர்ந்துவிடும். பழைய லேப்டாப் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் கேட்கும். டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் பெயரோடு 802.11 என்று போட்டு பி, ஜி, என் எழுத்துகள் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அந்த வகைதான். ஏசி, ஏஎக்ஸ் என்றிருந்தால் 5-ம் கேட்கும். புது ரவுட்டரில் 2.4-ஐ அணைத்து வைத்திருந்தால் பழைய லேப்டாப்புக்கு அந்த ரவுட்டர் இருப்பதே தெரியாது.

பழுது பார்ப்பதை விட வேலை முக்கியம். என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அதன் அமைப்பில் 2.4-ஐத் தேர்ந்தெடுத்தேன். லேப்டாப் உடனே இணைந்தது. கார்டு நன்றாக இருக்கிறது என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம். அன்றிரவே அந்தப் பெண் பட்டியலை நிரப்பினாள். இரண்டு முறை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்துப் பதிவு செய்தோம்.

மறுநாள் காலை ரவுட்டரைப் பார்த்தோம். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 192.168.1.1 போன்ற ஒரு முகவரியும், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். வீட்டு வைஃபையில் இணைந்த போனில் அந்த முகவரியைத் திறந்து, வயர்லெஸ் பகுதிக்குப் போனால், நினைத்தபடியே 2.4 அணைந்திருந்தது. ஆன் செய்து சேமித்ததும் லேப்டாப்பில் எங்கள் பெயர் வந்துவிட்டது. செலவு ஒரு பைசா இல்லை.

உங்கள் வீட்டில் இப்படி வந்தால் வரிசையாகக் கேளுங்கள்:

1. பட்டியலில் எந்தப் பெயருமே இல்லையா? ஏரோப்ளேன் மோடு, கீபோர்டில் உள்ள வைஃபை பொத்தான் இரண்டையும் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் டிரைவரோ கார்டோ காரணமாக இருக்கலாம்.

2. மற்ற பெயர்கள் இருக்கின்றன, நம்முடையது மட்டும் இல்லையா? மேலே சொன்ன கதைதான், ரவுட்டரைப் பாருங்கள்.

3. பெயர் இருக்கிறது, இணைய மறுக்கிறதா? அந்த இணைப்பை 'ஃபர்கெட்' கொடுத்து நீக்கிவிட்டு, கடவுச்சொல்லைப் புதிதாகப் போடுங்கள்.

4. இணைந்தும் இணையம் இல்லையா? அதே வைஃபையில் போனும் ஓடவில்லை என்றால் குறை லேப்டாப்பில் இல்லை. ரவுட்டரை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால், வெளியிலிருந்து சிக்னல் வரவில்லை, இணைப்புக்காரர்களைக் கூப்பிடுங்கள்.

வகுப்பில் பதில் சொல்லாத பிள்ளையை மக்கு என்பதற்கு முன், கடைசி பெஞ்சுக்கு நம் குரல் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். அதே போலத்தான் இதுவும்.

என்னிடம் படித்தவர்களில் சிலர் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறீர்கள். "கார்டு போச்சு" என்று சொல்வதற்கு முன் ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள் கண்ணுகளா. எதிரே நிற்பவருக்கு அது ஒரு மாத வருமானமாக இருக்கலாம். பரணில் பழைய லேப்டாப் கிடந்தால் எல்லோரும் இறக்கித் தூசி தட்டிப் பாருங்கள். நன்றாக ஓடினால், உங்கள் தெருவில் படிக்கிற பிள்ளை ஒன்றுக்குக் கொடுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.