குரக்கனும் வண்டின் வயிறும்

சீனன்குடாவிலே பிறந்து வளர்ந்தார்க்குத் தானியமும் வண்டும் புதியன அல்ல. துறைமுகக் கரையிலே பிரிமா மா ஆலை வானளாவி நிற்க, வீட்டு அடுக்களையிலோ அரிசியைப் புடைத்து வண்டு களைதல் வழக்கமான வேலை. குரக்கன் மட்டும் ஆண்டு பல கடந்தும் கெடாது கிடக்கும். 1990இல் எம் குடும்பம் ஊர் பெயர்ந்தபோது, சிறுவனாகிய யான் உண்டது மூட்டையிற் கட்டிய பழைய குரக்கனே. ஆதலின் இத்தானியத்தின்மேல் எனக்குப் பற்று மிகுதி என்பாரை மறுக்கேன்.

மணிப்பால் கஸ்தூரிபா மருத்துவக் கல்லூரியினராகிய சிவராஜ், பட்டாபிராமன் இருவரும் குரக்கனிலுள்ள ஒரு புரதத்தின் இயல்பை 1981இல் விளக்கினர். மாப்பொருளைச் செரிப்பிக்கும் அமைலேசு, புரதத்தைச் செரிப்பிக்கும் திரிப்சின் எனும் இரு நொதியங்களையும் அவ்வொரு புரதமே தடுக்கின்றது. 122 அமினோவமிலங்களே கொண்ட சிறு உரு அது. மாப்புழுவின் அமைலேசை அது பற்றிநிற்கும் கோலம் 1998இல் படிகத்தின் வாயிலாக வெளிப்பட்டது. நொதியத்தின் வாய் போன்ற பள்ளத்திலே அதன் முனை புகுந்து அடைத்துக்கொள்கின்றது.

தடையுண்ட நொதியம் வெப்பத்துக்கு விரைவில் இளகும் என்றே மாணாக்கர் பலர் எண்ணுவர். நிகழ்வது பெரும்பாலும் மறுதலை. வெப்பம் நொதியத்தின் மடிப்புகளை அவிழ்த்துக் குலைப்பது. இறுகப் பற்றிய துணையோ அவற்றைக் கட்டிக்காக்கின்றது. அத்துணையைப் பிரித்தற்கும் வெப்பம் செலவாக வேண்டுமன்றோ! சோயாத் தடுப்பானோடு கூடிய திரிப்சின், தனித்த திரிப்சினைவிட உயர்ந்த வெப்பநிலையிலேயே இயல்பழிகின்றது என்பதை டொனவன், பியர்ட்சிலி என்போர் 1975இல் அளந்து காட்டினர். பூச்சி நொதியத்துக்கும் இந்நியாயமே பொருந்தும்: பிடி இறுகின் உறுதி மிகும்; தளரின் குறையும். ஆயினும் உறுதி வேறு, தொழில் வேறு. பூட்டிய கதவு உறுதியானதே. உள்ளே புக முடியாது. உறுதி மிக்க நொதியத்தை வயிறு நிறையச் சுமந்தும் பூச்சி பசித்திருக்கும்.

பூச்சியும் வாளா இராது. தடுப்பானுக்கு அகப்படாத வேறு நொதியங்களைச் சுரந்து தப்புவதும் உண்டு. குரக்கன் கெடாமைக்கு இப்புரதம் ஒன்றே காரணம் என்று சொல்லவும் என் மனம் துணியாது. அரிசி வண்டின் புழு மணியின் உள்ளிருந்தே வளர்வது. கடுகளவினதாகிய குரக்கன் மணியிலே அதற்கு இடம் ஏது?

சோயாவின் தடுப்பான் நம் குடலின் திரிப்சினையும் விடாது. அதனாலேயே சோயாவை நன்கு அவித்து உண்கின்றோம். நீரோடு கூடிய வெப்பம் நெடுநேரம் நின்றால் அத்தடுப்பானும் பெரும்பாலும் அழியும்.