நொய்யல் வழக்கு: பகுதி வெற்றிகளின் நாட்குறிப்பு

2003

நொய்யல் ஆற்றில் கலக்கும் திருப்பூர்ச் சாயப் பட்டறைக் கழிவுக்கு எதிராக, நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் பாதுகாப்புச் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. பாசனத்துக்கென அந்த ஆற்றில் 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே கழிவுநீர்த் தேக்கமாகியிருந்தது. கிணறுகளில் உப்பேறியது, தென்னைகள் காய்ப்பை இழந்தன. ஆறு தெளியும்வரை எதையும் வெற்றியெனக் கொள்வதில்லை என்றிருந்தால், இவ்வளவு நீண்ட வழக்கில் எந்தச் சங்கமும் கலைந்துபோகும்.

2004, டிசம்பர்

சூழல் இழப்பீட்டு ஆணையம் 68 கிராமங்களின் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. தலைக்குப் பிரித்தால் பத்தாயிரம்கூட வராது. கெட்ட மண்ணுக்கு இது ஈடல்ல. ஆனால் நட்டம் உண்மை, அதற்குப் பட்டறைகளே பொறுப்பு என்பது அரசு ஏட்டில் ஏறிவிட்டது. கொண்டாடத் தக்கது அந்தப் பதிவுதான்.

2006, டிசம்பர் 22

2007 ஜூலை 31-க்குள் ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விழக்கூடாது என்றது உயர் நீதிமன்றம். அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசாவரை ஏறும் அபராதம். கெடு கடந்தும் கழிவு ஓடியது.

2009, அக்டோபர் 6

பட்டறை உரிமையாளர்களின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் விவசாயிகள் பக்கம் நின்றது. மூன்று மாத அவகாசம் கொடுத்தது. அதுவும் கடந்தது.

2011, ஜனவரி 28

எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்டவை மூடப்பட்டன. விவசாயிகளுக்கு இதுவே பெரிய வெற்றி; ஆனால் அதோடு சாயத் தொழிலாளர் குடும்பங்களின் கூலி நின்றது. பனியன் கம்பெனிகள் துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயமேற்ற வேண்டியதாயிற்று. வழக்கின் கோரிக்கை கழிவை நிறுத்துவதே, வேலையை நிறுத்துவதல்ல. எனவே பூட்டைக் கொண்டாடுவது பிழை. கழிவு நின்றதைக் கொண்டாடுவது நியாயம். இந்த வேறுபாட்டை வாய்விட்டுச் சொல்லும் இயக்கத்தோடுதான் நாளை தொழிலாளரும் நிற்க முடியும்.

பின்னர்

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்த மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. சவ்வூடு வடிகட்டிகளும் ஆவியாக்கிகளும் பொருத்திய பின் பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன; சுத்திகரித்த நீர் மறுபடி சாயத் தொட்டிக்கே போகிறது. ஆவியாக்கியபின் எஞ்சும் கலப்பு உப்பை முழுமையாக அகற்ற வழி பிறக்கவில்லை. அனுமதியற்ற பட்டறைகள் திருட்டுத்தனமாகக் கழிவைத் திறந்துவிடுவதும் ஓயவில்லை. இவ்விரண்டும் சங்கத்தின் அடுத்த கோரிக்கைகளாக வேண்டியவை.